ஸ்டாப் மோஷன் கேமுக்குக் குளத்து மண்ணில் பொம்மை செய்யலாமா?

பொள்ளாச்சிப் பக்கம் குளத்து மண் கிடைக்கிறது, ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் படமெடுத்து ஓடவிடுவது) வீடியோ கேமுக்கான பொம்மை, பின்னணிக் காட்சி எல்லாம் அதிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்சிக்குச் சரி, பொம்மைக்கு வேண்டாம். ஈரம் போனதும் மண் சுருங்கி வெடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் சொல்லவே வேண்டாம்.

பொம்மைக்கு எண்ணெய், மெழுகு கலந்த பிளாஸ்டிசின் என்ற களிமண் வாங்குங்கள், அது காயாது. உள்ளே அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி வைத்து, மேலே மெல்லிசாக அப்புங்கள். தடிமனாக அப்பினால் கனம் தாங்காமல் முழங்கால் மடங்கி, படத்துக்குப் படம் பொம்மை குள்ளமாகிக்கொண்டே போகும். சூடான விளக்கில் இளகவும் செய்யும், அதனால் எல்.இ.டி. நல்லது.

காட்சிக்குத் தெர்மாகோல் மேடு, அதன்மேல் பசை தடவிச் சலித்த செம்மண். நம்மூர் கரடு அப்படியே வந்துவிடும்.

அப்புறம், கேமில் பொம்மையின் நடை திரும்பத் திரும்ப ஓடும். ஒரு சுற்றுக்கு 8 அல்லது 12 படங்கள் போதும். கடைசிப் படம் முதல் படத்தோடு ஒட்ட வேண்டும், அதுதான் பாடு.