பெரியவங்களோட லோமோட்டில் (பேதி நிறுத்தற) மாத்திரைய 4 வயசுப் பையனுக்கு பாதி உடைச்சு குடுக்கலாமா?

வேணாங்க. பாதி இல்ல, கால்வாசி கூட வேணாம். வீட்டுக்காரருக்கு கிளினிக்ல குடுத்தது மிச்சம் இருக்கு, பையனுக்கு நேத்துலேந்து வயித்தால போகுதுன்னு எழுதியிருக்கீங்க. நான் சிங்கப்பூர்ல ஒரு கிளினிக் கவுண்டர்ல மருந்து எடுத்துக் குடுக்கற வேலை பாக்கறேன், இதே கேள்விய அங்கயும் கேக்கறாங்க.

லோமோட்டில்ல இருக்கற டைஃபினாக்ஸிலேட் அபின் வகைய சேந்தது, குடல் ஓட்டத்த மெதுவாக்கும். கூடவே கொஞ்சூண்டு அட்ரோபின், போதைக்காக யாரும் நெறைய முழுங்கிடக் கூடாதுன்னே சேக்கறது. பெரியவங்களுக்கு சொன்ன அளவுல பெரும்பாலும் வாய் வறளும், தூக்கம் வரும். சின்னப் புள்ளைக்கு மூச்சே அடங்கிப் போகலாம், அதுவும் உடனே தெரியாது, 30 மணி நேரம் கழிச்சு கூட வரலாம், அதுவரைக்கும் நல்லாத்தானே வெளையாடறான்னு நாம நெனச்சிக்கிட்டு இருப்போம். ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா படிக்கறத நிறுத்திட்டு இப்பவே ஏ அண்ட் ஈக்கு (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) தூக்கிட்டு போங்க, மயங்கறாப்புல இருந்தா 995க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

பையனுக்கு வேண்டியது ஓஆர்எஸ்தான், அதாவது தண்ணியில கலக்கற உப்பு-சக்கரைப் பொடி. பாக்கெட்ல போட்ட அளவு தண்ணி ஊத்தி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சின்ன ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு திரும்ப மெதுவா ஆரம்பிங்க. நம்ம ஊர்ல எல்லாரும் ஹன்ட்ரட் ப்ளஸ் கூல்டிரிங்க் வாங்கி ஊத்தறாங்க, அதுல சக்கரை ஜாஸ்தி உப்பு கம்மி, புள்ளைக்கு சரி வராது. ஒண்ணுக்கு போகல, அழுதா கண்ணீர் வரல, கண்ணு உள்ள போயிருக்கு, பேதியில ரத்தம், இதுல எது இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம கேகே குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சலோ ரத்தமோ இருக்கறப்ப டாக்டர கேக்காம இத போடக் கூடாது, கிருமி உள்ளயே தங்கிடும். பீர், தூக்க மாத்திரை, கோடீன் போட்ட இருமல் மருந்து எதோடயும் சேக்கக் கூடாது, போட்டுட்டு வண்டி ஓட்டவும் வேணாம். ரெண்டு நாள்ல நிக்கலன்னா திரும்ப டாக்டர்கிட்ட போகணும், மாத்திரைய கூட்டிக்கிட்டே போகக் கூடாது. அப்புறம் நாங்க குடுக்கற அந்த ஜிப் வச்ச பிளாஸ்டிக் பை இருக்கே, 4 வயசுப் பையன் சுலபமா பிரிச்சிடுவான், அதனால டிவி பக்கத்துலயோ ஃப்ரிட்ஜ் மேலயோ போட்டு வைக்காம மிச்சத்த இன்னைக்கே தூக்கிப் போட்டுடுங்க.