எல்லை மறுபடி அடைபட்டால்: ஏலத்தோட்டத்துக்குப் போகும் கம்பம் பெண்களுக்கு

வணக்கம் சகோதரி. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கேரளத்தின் வண்டன்மேடு போகும் உங்கள் குழு, 2020 கொரோனா காலம் போல மறுபடி மாநில எல்லையை அடைத்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ரேஷன். அன்று மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் ஊரடங்கு. தினக்கூலி வீட்டில் அரிசி சேர்க்க அந்த நேரம் எப்படிப் போதும்? இப்போது ஒரே நாடு ஒரே ரேஷன் இருக்கிறது. முன்னுரிமை அட்டையில் ஆதார் இணைந்திருந்தால், மலைமேல் மாட்டிக்கொண்டவர் அங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். யாருக்கு இணைப்பு விடுபட்டிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களின் பட்டியலும் வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, திரும்பி வந்தவர்களை நோய் கொண்டுவந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கியதுதான். தனிமைப்படுத்தி அடைத்த வீட்டு வாசலில் பாலும் காய்கறியும் வைப்பது யார், தினமும் போன் செய்து பேசுவது யார் என்று தெருவுக்கு இருவரை இப்போதே முடிவு செய்யுங்கள். கேரளத்தில் சமூகச் சமையலறைகளைச் சட்டென்று தொடங்க முடிந்ததற்கு, 1998 முதல் இயங்கும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் பெரிய காரணம். உங்களிடமும் குழு இருக்கிறதே!

அப்புறம், கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வழி அடைபட்டாலும் பாக்கிப் பணம் வந்து சேரும்.