திருகோணமலையில் தனிப் புகைப்படக் கண்காட்சி: முதலில் சுவரை அளந்து பாருங்கள்

கேள்வி: திருகோணமலையில் முதற் தடவையாகத் தனிக் கண்காட்சி வைக்கப்போகிறேன். கையில் 25 கலைப் புகைப்படங்கள் இருக்கின்றன, மூன்று மாத அவகாசமும் இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: சுவரில் தொடங்குங்கள். மண்டபத்தை முற்பதிவு செய்யுமுன் அளவு நாடாவோடு ஒருமுறை போய்வாருங்கள். கதவு, ஜன்னல், சுவிட்ச் பலகை எல்லாம் கழித்து 60 அடி மிஞ்சினால் அது 720 அங்குலம். 24×16 அங்குலப் படம், நான்கு பக்கமும் 3 அங்குல மௌண்ட் அட்டை, 1 அங்குலச் சட்டம் என்று வைத்தால் அகலம் 32 அங்குலம் வரும். பக்கத்துப் படத்துக்கு 16 அங்குல இடைவெளி விட்டால் ஒன்றுக்கு 48 அங்குலம் வேண்டும். ஆகவே 15 படங்கள்தான் கொள்ளும். 25ஐயும் நெருக்கி மாட்டினால் எந்தப் படத்துக்கு முன்னாலும் யாரும் நிற்கமாட்டார்கள். மனம் வலித்தாலும் பத்தை எடுத்துவிடுங்கள்.

மாதத் தெரிவும் முக்கியம். வைகாசி முதல் ஆவணி வரை நல்லது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளியூர் ஆட்களும் அப்போதுதான் வருவார்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் பகல் வெக்கைக்கு யாரும் வெளியே இறங்கமாட்டார்கள் என்பதால் மாலை 4 முதல் 8 வரை திறந்து வையுங்கள். மாரியில் வைத்தால் ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அச்சுக்கு வருவோம். 24 மெகாபிக்சல் கோப்பு 6000×4000 புள்ளிகள். 24×16 அங்குலத்தில் அங்குலத்துக்கு 250 புள்ளி கிடைக்கும், அது தாராளம். பாதியாக வெட்டிய படத்தை அதே அளவுக்கு இழுக்காதீர்கள், சிறிதாகவே அச்சிடுங்கள். கணினித் திரையின் வெளிச்சம் கூடியிருந்தால் அச்சு இருண்டுதான் வரும். முழுப் படத்துக்கும் காசு கொடுக்குமுன், நிழற்பகுதி உள்ள ஒரு துண்டை மட்டும் உண்மையான அளவில் அச்சிட்டுப் பாருங்கள். அதையும் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காமல், கண்காட்சி மண்டபத்துக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். எளிதில் மங்காத பிக்மென்ட் மையும் பருத்தித் தாளும் விலைதான், ஆனால் விற்கப்போகும் படத்துக்கு அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நம் ஊரில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சட்டம் போடும் விதம். கடற்காற்றின் ஈரத்தில் தாள் விரியும். நான்கு பக்கமும் பசை பூசி ஒட்டினால் விரிய இடமில்லாமல் நடுவில் அலை அலையாக எழும்பும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், அமிலமற்ற தாள் நாடாவால் தொங்கவிடுங்கள். மாஸ்கிங் டேப் மஞ்சளாகிக் கறை விடும். படம் கண்ணாடியைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உரித்தால் மை கண்ணாடியோடு வந்துவிடும். மௌண்ட் அட்டையின் தடிப்புத்தான் அந்த இடைவெளியைத் தருகிறது, அழகுக்காக மட்டும் அதைப் போடுவதில்லை. சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் கால் அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது. கொக்கியும் திருகாணியும் கறள் பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

கையில் கிடைக்கிறதே என்று தங்கூசியில் (நைலோன் தூண்டில் நூலில்) தொங்கவிடாதீர்கள். கண்ணாடிப் பாரத்தில் அது மெல்ல மெல்ல நீளும், முடிச்சும் வழுகும். இரண்டு நாளில் வரிசை கோணலாகிவிடும். முறுக்கிய எஃகுக் கம்பி போடுங்கள்.

உயரத்துக்கு ஒரு கணக்கு: படத்தின் நடு, தரையிலிருந்து 58 அங்குலம். மேலே சொன்ன சட்டத்தின் உயரம் 24, அதில் பாதி 12. கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கும் என்றால், ஆணி 58+12−3, அதாவது 67 அங்குலத்தில். எல்லா ஆணிக்கும் இப்படிக் கணக்குப் போட்டுப் பென்சிலால் குறித்த பிறகுதான் துளை போடவேண்டும். விளக்கை மேலிருந்து, செங்குத்துக் கோட்டுக்கு ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் விழவிட்டால் கண்ணாடியில் பளபளப்புக் குறையும். திறக்கும் நேரத்தில் எந்த ஜன்னல் கண்ணாடியில் தெரிகிறது என்று முன்கூட்டியே பார்த்துத் திரை போடுங்கள்.

பெயர்ச்சீட்டு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அப்படியே அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோடில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

ஒவ்வொரு படத்திலும் எத்தனை பிரதி என்பதை விற்குமுன் தீர்மானித்து, வெள்ளை விளிம்பில் பென்சிலால் 1/10 என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். பத்து என்று சொன்னால் பதினோராவது அச்சு கிடையாது. விற்ற படத்தை இடையில் கழற்றாமல் சிவப்புப் புள்ளி ஒட்டி, கடைசி நாள்வரை சுவரிலேயே விடுங்கள். கொடுக்கும்போது வெயில் நேரே படும் சுவரிலோ மழையில் ஊறும் வெளிச்சுவரிலோ மாட்டவேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.