பார்பிக்யூ சாஸ் செய்ய ஆறு பாட்டில் வாங்கணுமா?

கேள்வி: மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் கரி மூட்டிக் கோழி சுடுவோம். அதற்கு வாங்கும் வெளிநாட்டு பார்பிக்யூ சாஸ் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்யலாம் என்று குறிப்பைப் பார்த்தால் கெட்சப், ஆப்பிள் சைடர் வினிகர், வூஸ்டர் சாஸ், மொலாசஸ், கடுகு பேஸ்ட், லிக்விட் ஸ்மோக் என்று பட்டியல் நீள்கிறது. இதில் என்ன மிச்சமாகும்?
– வாசகி, கோவை

பதில்: அந்தப் பட்டியலை அப்படியே வாங்கினால் ஒன்றும் மிச்சமாகாது. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்தபின் ஆறு பாட்டிலும் ஃபிரிட்ஜ் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

முதலில் கடை பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும். பல பாட்டில்களில் முதலிடம் சர்க்கரைக்கோ கார்ன் சிரப்புக்கோதான். கெட்டியாக, தித்திப்பாக இருக்கும் இது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி பாணி. வட கரோலினாவின் கிழக்குப் பகுதி சாஸில் தக்காளியே கிடையாது. வினிகர், உப்பு, மிளகாய் அவ்வளவுதான். அலபாமாவில் மயோனைஸ் கலந்த வெள்ளை சாஸ்கூட உண்டு.

உங்கள் வீட்டுக்குப் பழகியது கான்சஸ் பாணி என்று வைத்துக்கொள்கிறேன். கெட்சப் வேண்டாம், அதிலேயே சர்க்கரை, உப்பு, வினிகர் எல்லாம் இருக்கிறது. 200 கிராம் தக்காளி பியூரி போதும். மொலாசஸ் என்பது கரும்புச்சாற்றில் சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கரும்பாகு. நாட்டுச் சர்க்கரையில் அதைப் பிரிப்பதில்லை என்பதால் 4 மேசைக்கரண்டி போட்டால் அதே வேலை நடக்கும். எனக்கு என்னவோ கருப்பட்டி போட்டதுதான் பிடித்தது, அந்த லேசான கசப்புக்காக.

வூஸ்டர் சாஸில் என்ன இருக்கிறது தெரியுமா? நம் புளி! கூடவே நெத்திலி வகை மீனும். சைவக்காரர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். சுண்டைக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றினால் அந்தச் செலவும் இல்லை.

வினிகரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான பாட்டிலில் 'சிந்தெட்டிக், அசிட்டிக் அமிலத்தில் தயாரித்தது' என்று போட்டிருக்கும். சாப்பிடலாம், ஆனால் மூக்கில் ஏறும். நொதிக்கவைத்த வினிகர் கால் கப் ஊற்றுங்கள்.

துருவிய வெங்காயம் ஒன்று, நசுக்கிய பூண்டு நாலு பல் இரண்டையும் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, மேலே சொன்னதோடு கடுகுப்பொடி, மிளகாய்த்தூள் ஒவ்வொரு டீஸ்பூன், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், தேவையான உப்பு சேர்த்து சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம். கரண்டியின் முதுகில் ஒட்டி நின்றால் பதம். புளிப்புப் பண்டம் என்பதால் அலுமினியச் சட்டி கூடாது.

லிக்விட் ஸ்மோக்? கரியில்தானே சுடுகிறீர்கள், புகையைக் காசு கொடுத்து வாங்குவானேன்? கேஸ் அடுப்பில் செய்பவர்கள் சாஸ் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணம் வைத்து, கனிந்த கரித்துண்டைப் போட்டு, ஒரு சொட்டு நெய் விட்டு மூன்று நிமிடம் மூடிவைக்கலாம்.

சாஸைத் தொடக்கத்திலேயே தடவாதீர்கள். கறி வேகும் முன்பே சர்க்கரை கருகிக் கசந்துவிடும்; கடைசிப் பத்து நிமிடம் போதும். பச்சைக் கறியில் பட்ட பிரஷ்ஷை மறுபடி பாட்டிலுக்குள் விடவேண்டாம். பதப்படுத்தும் பொருள் சேர்க்காததால், ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் வாங்குவதென்றால் பெரிய பாட்டில்தானே லாபம்?
– வாசகர், திருச்சி

பதில்: எம்.ஆர்.பி. பக்கத்தில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை ஒப்பிட்டால் சில நேரம் சின்ன பாட்டிலே மலிவு. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் சுடுவீர்கள் என்றால், கணக்கே பார்க்காமல் சின்னதை வாங்குங்கள். அதற்காக வீட்டில் அடுப்பு மூட்டவும் வேண்டாம்.