ஐப்பசிக்குள் விறகு ஸ்டாண்டு: கேட்டவர்களுக்குப் பதில்

வடசென்னை வியாசர்பாடியில் 28 ஆண்டுகளாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு கேட், கிரில் செய்வதுதான் பிழைப்பு. ஆனால் நம் பக்கம் தெருவுக்கு ஒருவர் பிரியாணி ஆர்டர் எடுப்பதால், ஆவணி பிறந்ததும் விறகு அடுக்கும் ஸ்டாண்டு கேட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை அம்மா ஒருவர்: சவுக்குக் கட்டையைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைக்கிறோம். ஒரு சொட்டு மழை படவில்லை. ஆனாலும் அடுப்பில் வைத்தால் ஒரே புகை. தம் போடுவதற்குள் கண் போய்விடுகிறது. ஏன்?

இறுக்கிக் கட்டியதுதான் காரணம் அம்மா. நாளைக் காலையில் தார்ப்பாயைத் தூக்கி உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், முத்து முத்தாக நீர் நிற்கும். அது மழை நீர் இல்லை, கட்டைக்குள் இருந்து வந்தது. போக வழியில்லாமல் திரும்பக் கட்டையிலேயே இறங்குகிறது. விறகுக்குத் தேவை குடை. நீங்கள் கம்பளி போர்த்தியிருக்கிறீர்கள்.

புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் பாதி வரை நீர் இருக்கும். விறகுத் தொட்டியில் எடை போட்டு வாங்கும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். நன்றாக எரிய வேண்டுமானால் நீர் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பின் சூடு முதலில் அந்த நீரைக் கொதிக்க வைக்கவே செலவாகும், மிச்சம்தான் அண்டாவுக்கு.

கருவி எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று விழும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் காய்ந்து வருகிறது என்று பொருள். இன்னும் சந்தேகமா? ஒரே கட்டையை வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள், எடை குறைவது நின்றால் சரி. மணிக்கட்டை விடத் தடிமனான உருட்டுக் கட்டையைப் பிளந்துதான் அடுக்க வேண்டும். பட்டை மூடிய கட்டை லேசில் நீரை விடாது.

கொருக்குப்பேட்டையிலிருந்து: என்ன அளவில் செய்யலாம் ஐயா?

6 அடி நீளம், 4 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். இதில் காய்ந்த சவுக்கு சுமார் அரை டன் நிற்கும். நான்கு கால் என்றால் ஒரு காலுக்கு நூறு கிலோவுக்கு மேல் வருகிறது. அதனால் ஒன்றரை அங்குல ஆங்கிளுக்கு (L வடிவ இரும்பு) குறைந்து போகாதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் நான்கு அங்குலத் தகடு வைத்து, அதைக் கடப்பா கல்லின் மேல் நிறுத்துங்கள். வெறும் மண்ணில் நிறுத்தினால் முதல் மழையிலேயே ஒரு கால் இறங்கிச் சாய்ந்துவிடும். பக்கவாட்டில் குறுக்குக் கம்பி கட்டாயம்.

அடித்தளம் தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்கட்டும். பலகை போட்டு மூடாமல், இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் கம்பிகளாக வையுங்கள். நடுவில் ஒரு தடுப்பு வைத்து இரண்டு அறையாகப் பிரித்துக்கொண்டால் இடது அறையிலிருந்து எடுத்து எரிக்கலாம், வலது அறையில் காயவிடலாம். இந்தத் தடுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. நானாக வைத்துக் கொடுத்த பிறகு நன்றி சொல்கிறார்கள்.

கூரைத் தகரம் முன்னும் பின்னும் அரை அடி நீண்டு நிற்க வேண்டும். சரிவு முன்பக்கமாக, பின் விளிம்பிலிருந்து முன் விளிம்பு வரை மூன்று அங்குல இறக்கம் போதும். பின்னால் சரித்தால் நீர் காம்பவுண்டுச் சுவரில் மோதிக் கடைசி வரிசையை நனைக்கும். பக்கத்து வீட்டோடு சண்டையும் வரும். நெளித் தகரத்தின் மேட்டில் திருகாணி போடுங்கள், ரப்பர் வாஷரோடு. பள்ளத்தில் போட்டால் நீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்டதாகும்.

திருவொற்றியூரிலிருந்து: எந்தத் திசை பார்த்து வைப்பது?

நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், கடல் பக்கமிருந்து வருகிறது. முதுகை கிழக்கே காட்டி வையுங்கள். ஆனால் முதுகைத் தகரத்தால் அடைக்காதீர்கள், கோடையில் பிற்பகல் கடற்காற்றுதான் விறகை இலவசமாக உலர்த்துகிறது. கம்பி வலை போதும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஒரு பக்கம் மட்டும் தார்ப்பாயைத் திரை போலத் தொங்கவிட்டு, வெயில் வந்ததும் சுருட்டிவிடுங்கள். கூரை விளிம்பு சுவரோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் தள்ளி நிற்கட்டும்.

காசிமேட்டிலிருந்து: எதைச் செய்தாலும் இரண்டு வருடத்தில் துரு தின்றுவிடுகிறது அண்ணே.

உப்புக் காற்று. நானும் அடி வாங்கியிருக்கிறேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சதுரக் குழாயில் செய்து கொடுத்தேன். வெளியே துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு இரண்டு கோட், மேலே எனாமல், பளபளவென்று இருந்தது. மூன்றாவது மழையில் ஒரு கால் மடங்கி விறகெல்லாம் சரிந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே துரு இலை இலையாகக் கொட்டுகிறது. குழாயின் மேல்வாயை மூடாமல் விட்டது என் தவறு, உப்பு நீர் உள்ளே இறங்கி நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஆங்கிள்தான். குழாய் என்றால் வாய்க்குத் தகடு வைத்துச் சுற்றிப் பற்றவைத்துவிடுவேன்.

துத்தநாகம் பூசிய இரும்பு அதிக நாள் தாங்கும். பற்றவைக்கும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடும், அங்கே தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசிக்காதீர்கள். அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும். வீட்டில் செய்பவர்கள் நட்டு, போல்ட்டில் முடுக்கிக்கொள்வது நல்லது.

புளியந்தோப்பிலிருந்து: எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது உங்கள் வீட்டுச் சுவரில் நீர் எதுவரை வந்தது? அந்தக் கோட்டுக்கு மேலே அடித்தளம். வேறு கணக்கு கிடையாது. உயரம் கூடினால் சுவரில் இரண்டு இடத்தில் பிடித்துக் கட்டுங்கள்.

பெரம்பூரிலிருந்து: மொட்டை மாடியில் வைக்கலாமா?

அரை டன்னைத் தளத்தின் நடுவில் வைக்காதீர்கள். கீழே சுவரோ பீமோ ஓடும் இடத்தின் மேல், பாதி அளவில் வையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் கடந்தபோது மாடித் தகரங்கள் பறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டாண்டு காலியாக இருக்கும் நாளில்தான் ஆபத்து அதிகம், அடியில் கனம் இல்லை. புயல் அறிவிப்பு வந்தால் கயிறு கட்டுங்கள்.

மூலக்கொத்தளத்திலிருந்து: கறையானுக்கு மருந்து அடிக்கலாமா?

சோறு வேகும் விறகில் மருந்தா? வேண்டாம். கறையான் மண்குழாய் கட்டித்தான் ஏறும். கால்களில் வாரம் ஒருமுறை பார்த்து, கண்டதும் சுரண்டிவிடுங்கள். விறகு மண்ணையோ சுவரையோ தொடாமல் இருந்தால் அதற்கு வேறு பாதை இல்லை.

மீண்டும் காசிமேடு: பழைய படகுப் பலகை மலிவாகக் கிடைக்கிறது. எரிக்கலாமா?

பெயின்டும் உப்பும் ஊறிய பலகை. சமையலுக்கு வேண்டாம், வெந்நீருக்கும் வேண்டாம். புகை நஞ்சு. பிளைவுட் துண்டுகளுக்கும் இதே பதில்தான்.

கொடுங்கையூரிலிருந்து: பிள்ளைகள் விறகு எடுக்கப் போகிறார்கள். தேள் பயம்.

அடியில் அரை அடி இடைவெளி கேட்டது இதற்கும் சேர்த்துத்தான், துடைப்பம் நுழைய வேண்டும். அங்கே பழைய செருப்பு, பெயின்ட் டப்பா எதையும் செருகாதீர்கள். எடுப்பதற்கு முன் கட்டையைக் கோலால் இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள். எப்போதும் மேல் வரிசையிலிருந்துதான் எடுக்க வேண்டும், இருட்டிய பிறகு கையை உள்ளே விடக் கூடாது.