சொன்னதைச் செய்யும் சின்னவர்கள்: வாசகர் கேள்வி பதில்

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் வீட்டில் நடத்தும் கூத்துகளை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்து முடிப்பதற்குள் என் தேநீர் இரண்டு முறை ஆறிப்போயிற்று. பாலர் பள்ளியில் நெடுங்காலம் இந்த வயதினரோடு மல்லுக்கு நின்றவள் என்பதால் பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். இப்போது இரண்டேகால் வயதுப் பேரனிடம் சம்பளமில்லாத வேலையில் இருக்கிறேன் என்பதையும் தகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனுக்கு இருபது மாதம் ஆகிறது. குளிப்பாட்டியதும் என் மாமியார் அவன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பார். சென்ற மாதம் வரை கண்ணாடியில் தெரியும் பிள்ளைக்கு முத்தம் கொடுத்து, தன் பிஸ்கட்டையும் ஊட்டப் பார்த்தவன், இப்போது கண்ணாடியைப் பார்த்த உடனே கன்னத்தைத் தேய்த்துப் பொட்டை அழித்துவிடுகிறான். முகம் முழுவதும் மை பரவிப் புலிவேடம் போட்டவன்போல் ஆகிவிடுகிறான். தாம் வைக்கும் பொட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று மாமியார் வருந்துகிறார். அவரை எப்படித் தேற்றுவது? (ஒரு வாசகி, செங்காங்)

பதில்: உங்கள் மாமியார் தம்மை அறியாமலே ஓர் உளவியல் சோதனையை நாள்தோறும் நடத்திவந்திருக்கிறார் என்று அவரிடம் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டில் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் மூக்கருகே சிவப்புச் சாயத்தைத் தடவி, அவர்களைக் கண்ணாடி முன் விட்டுக் கவனித்தார். சின்னஞ்சிறு குழந்தைகள் கண்ணாடியில் தெரிந்த பிள்ளையோடு விளையாடப் பார்த்தன; கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளோ கண்ணாடியைத் தொடாமல் தங்கள் மூக்கைத் தொட்டன. அங்கே நிற்பது வேறொருவரல்ல, நான்தான் என்ற புரிதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு 18 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் வந்துவிடுகிறது. அவர்கள் சாயம் தடவினார்கள், நாம் மை வைக்கிறோம். மற்றபடி சோதனை ஒன்றுதான்.

ஆகவே உங்கள் மகன் பாட்டியின் பொட்டை வெறுக்கவில்லை. அந்தக் கன்னம் தன்னுடையது என்று கண்டுபிடித்திருக்கிறான். தன் கன்னத்தில் தன்னைக் கேட்காமல் ஒட்டிக்கொண்டிருப்பது என்னவென்று பார்க்கிறான். கண்ணாடிப் பிள்ளைக்கு ஊட்டிய பிஸ்கட்டுகள் இனி மிச்சம், கண்ணாடியைத் துடைக்கும் வேலையும் மிச்சம். மாமியாருக்கு ஒரு யோசனை: பொட்டை உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள். என் தாயார் எங்களுக்கு அப்படித்தான் வைப்பார். காலைத் தூக்கிப் பார்க்கலாம் என்பதையும் அவன் கண்டுபிடித்துவிட்டால் என்னிடம் வேறு யோசனை இல்லை.

கேள்வி: எங்கள் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். தாழ்வாரத்தில் அவரிடம் அகப்பட்டுக்கொண்டால் அரைமணி நேரம் போய்விடும். ஒருநாள் மின்தூக்கியில் அவரைக் கண்டதும் என் மூன்று வயது மகள், "தாத்தா, நீங்க வர்றீங்கன்னு அப்பா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டாரு" என்றாள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை நான் மின்தூக்கியின் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று இந்த வயதில் எப்படிக் கற்றுக்கொடுப்பது? (ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: பிள்ளைக்குத் தமிழில் ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லையே என்று குறைப்பட்டு இந்தப் பகுதிக்கு எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். உங்கள் மகள் எழுவாய், பயனிலை, காரணம் எல்லாம் வைத்துப் பேசியிருக்கிறாள். முதலில் அதற்காக மகிழுங்கள்.

அவள் உங்களைக் காட்டிக்கொடுத்ததாக நினைக்கிறீர்கள். அவள் கணக்கு வேறு. 1983ஆம் ஆண்டில் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிறு பிள்ளைகளுக்கு ஒரு கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். ஒரு பையன் தன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை எடுத்து வேறோர் அலமாரியில் வைத்துவிடுகிறார். திரும்பி வந்தவன் எந்த அலமாரியில் தேடுவான்? முதலில் வைத்த இடத்தில்தான் தேடுவான் என்று நாம் சொல்லுவோம். மூன்று வயதுப் பிள்ளைகளோ பெரும்பாலும், இப்போது சாக்லேட் இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறார்கள். தமக்குத் தெரிந்தது அந்தப் பையனுக்குத் தெரியாமல் இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஏறத்தாழ நான்கு வயதில்தான் அந்தத் திரை விலகத் தொடங்குகிறது. உங்கள் மகளுக்கு 'இரகசியம்' என்ற பொருளே இன்னும் உலகத்தில் இல்லை. தாத்தாவுக்கும் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்லி மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். மின்தூக்கியில் நாம் வெயிலைப் பற்றிப் பேசுவதில்லையா, அதைப்போல.

ஆகவே, 'இதைத் தாத்தாவிடம் சொல்லாதே' என்று மட்டும் கண்டித்துவிடாதீர்கள். அடுத்தமுறை மின்தூக்கிக் கதவு திறந்ததும், "ஒளிஞ்சத சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு" என்று தொடங்குவாள். நிலைமை இன்னும் மோசமாகிவிடும். கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர் நீங்கள். ஆகையால் ஒரு மாலை நீங்களே அவர் வீட்டுக்குப் போய் அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெரியவர் ஏற்கெனவே சிரித்து மறந்திருக்கக்கூடும். மறக்கவில்லை என்றால் ஒரு மணி நேரம் ஆகும்.

கேள்வி: எங்கள் இரண்டரை வயது மகன் எதைக் கேட்டாலும் "கருணை கூர்ந்து" என்று தொடங்குகிறான். "கருணை கூர்ந்து பால்", "கருணை கூர்ந்து ஷூ". காரைக்குடியிலிருந்து வந்திருந்த என் தந்தை, எந்தப் புலவரிடம் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். (ஒரு வாசகி, பொங்கோல்)

பதில்: அந்தப் புலவர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இருக்கிறார். "கருணை கூர்ந்து இடைவெளியை நினைவில் கொள்ளவும்" என்று நான்கு மொழி அறிவிப்பில் நம் மொழியின் முறை வரும்போது ஒலிக்கிறதே, அதைத்தான் பிள்ளை பிடித்துக்கொண்டான். இந்த வயதில் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. ஒரு தொடரை ஒரே உருண்டையாக விழுங்கிவிடுகிறார்கள், அது வரும் இடத்தின் தோரணையை மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். உத்தரவு போடும் குரல் அது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்! என் பேரன் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கவிழ்த்து "ஹாபிஸ்" (தீர்ந்தது) என்று மலாயில் அறிவிக்கிறான். அவனுக்கு அது பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) கொடுத்த சொல். திருத்த வேண்டாம். ஆங்கிலத்தில் 'பிளீஸ்' சொல்லப் பிள்ளைகளைக் கெஞ்சும் ஊரில், உங்கள் வீட்டில் மட்டும் கருணை கூர்கிறார்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, குப்பைக் குழாய் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரே வாரத்தில் என் கணவரின் ஈஸி-லிங்க் பயண அட்டையும் என் இடதுகால் செருப்பும் அதற்குள் போய்விட்டன. போட்டுவிட்டுத் தானே கைதட்டிக்கொள்கிறாள் என் மகள். (ஒரு வாசகி, அங் மோ கியோ)

பதில்: அந்தக் கைதட்டலை அவள் எங்கே கற்றாள்? கழற்றிய டயப்பரை முதன்முதலாகக் குப்பையில் கொண்டுபோய்ப் போட்ட நாளில் குடும்பமே சுற்றி நின்று கைதட்டியிருப்பீர்கள். எதைப் போட்டால் கைதட்டல் கிடைக்கும், எதைப் போட்டால் கிடைக்காது என்று அன்றைக்கு யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

குழாயின் மூடியை அவள் கைக்கு எட்டாத தாழ்ப்பாளால் இன்றே பூட்டுங்கள். அட்டை போனால் போகட்டும், விரல் நசுங்கக்கூடாது. அதோடு, மூடியில் பிளவு வெட்டிய ஒரு டப்பாவையும் பழைய புட்டி மூடிகளையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஓட்டைக்குள் ஒன்றைப் போட்டு அது மறைவதைப் பார்ப்பதில் இந்த வயதினருக்கு அலுப்பே வராது. செருப்பை மீட்க வேண்டுமானால் குப்பையை எடுத்துப்போவதற்கு முன் துப்புரவு ஊழியரிடம் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தாலும் அணிவீர்களா என்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: ஒன்றேமுக்கால் வயதுப் பேத்திக்கு நிலாவைக் காட்டிச் சோறூட்டப் பழக்கினேன். இப்போது வட்டமாக எது இருந்தாலும் அவளுக்கு நிலாதான். சுவர்க் கடிகாரம் நிலா, தோசை நிலா, அவள் தாத்தாவின் வழுக்கைத் தலையும் நிலா. அவருக்குக் கோபம் வருகிறது. (ஒரு பாட்டி, பிடோக்)

பதில்: ஐயாவிடம் சொல்லுங்கள், வழுக்கையை நிலா என்று சொல்லக் கவிஞர்களுக்கே துணிவு வராது. கையில் இருக்கும் சொற்கள் சில, பார்க்கும் பொருள்கள் பல என்பதால், குழந்தை ஒரே சொல்லைப் பல பொருள்களுக்கு நீட்டிப் பயன்படுத்துகிறது. வட்டம் என்ற ஒரு பண்பைப் பிரித்தெடுத்து அதன்கீழ் உலகத்தை வகைப்படுத்துகிறாள் உங்கள் பேத்தி. சொற்கள் பெருகப் பெருக, தோசை தோசையாகிவிடும்.

ஆனால் இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். எதிர்ப் புளோக்குக்குப் பின்னால் நிலா போய்விட்ட இரவுகளில், சோறு இன்னும் பாதி இருக்கும்போது, தாழ்வாரத்து விளக்கைக் காட்டி 'அதோ நிலா' என்று நீங்கள் சொன்னதே இல்லையா? நான் சொல்லியிருக்கிறேன். விளக்கும் நிலாதான் என்று பாட்டியே சொன்னபின், தாத்தாவின் தலையை மட்டும் அவள் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வரும்படி நிலவை அழைக்கும் புலவர்கள், சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு வழிகளையும் கையாள்வார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்கள் அந்த நான்கையும் நிலவிடம் காட்டாமல் பேத்தியின் வாயிடம் காட்டுகிறோம். 'என் தங்கமே' என்பது சாமம். 'சாப்பிட்டால் கீழே விளையாட்டு இடத்துக்குப் போகலாம்' என்பது தானம். 'அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன்' என்பது பேதம். 'போலீஸ் மாமா வந்து பிடித்துக்கொண்டு போவார்' என்பது தண்டம். முதல் மூன்றையும் உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதை மட்டும் விட்டுவிடுங்கள். தேக்காச் சந்தைக் கூட்டத்தில் ஒருநாள் அவள் கை நழுவினால், அந்தப் போலீஸ் மாமாவிடம்தான் அவள் ஓட வேண்டியிருக்கும். சொன்னதை அப்படியே நம்பும் வயது இது.

கேள்வி: பூட்டியிருந்த என் கைத்தொலைபேசியிலிருந்து மகன் 995க்கு அழைத்துவிட்டான். பதறிப்போய்த் துண்டித்துவிட்டேன். (ஒரு வாசகர், தெம்பனிஸ்)

பதில்: பூட்டியிருந்தாலும் அவசர அழைப்புக்கு வழி இருக்கும், பிள்ளைகள் அதை நம்மைவிட முன்னதாகக் கண்டுபிடிப்பார்கள். ஆம்புலன்ஸுக்கு 995, காவல்துறைக்கு 999. எதற்கு அழைப்பு போயிருந்தாலும், துண்டிக்காமல் பிள்ளை தவறுதலாக அழுத்திவிட்டான் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். பேச்சில்லாமல் அறுந்த அழைப்புதான் அவர்களுக்குக் கவலை தரும்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். மைலோ டப்பாவைத் திறந்து அள்ளித் தின்றுவிட்டு, மூக்கிலிருந்து முகவாய் வரை பழுப்பு மாவோடு நின்றுகொண்டு, "பூனை தின்னுச்சு" என்கிறான். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. இந்த வயதிலேயே பொய்யா? (ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: வீவக வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்ற விதி 2024ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு இந்தச் சாக்கு செல்லுபடியாகியிருக்காது. காலத்துக்கு ஏற்ற பிள்ளை.

கவலைப்படாதீர்கள், உங்களுக்கு முன்னால் சார்லஸ் டார்வினுக்கே இது நடந்திருக்கிறது. 1839ஆம் ஆண்டில் பிறந்த தம் மூத்த மகனைக் கவனித்து அவர் எழுதிவைத்த குறிப்புகளை 1877ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரண்டு வயது ஏழரை மாதத்தில் அந்தப் பையன் சாப்பாட்டு அறையிலிருந்து வழக்கத்துக்கு மாறாகக் கண்கள் பளபளக்க, ஒரு மாதிரியான தோரணையோடு வெளியே வந்தான். தந்தை உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் அவன் சர்க்கரையை எடுத்துத் தின்றது தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து அதே அறையிலிருந்து, மேலங்கியைக் கவனமாகச் சுருட்டிப் பிடித்தபடி வந்தான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றான். போங்கள், போங்கள் என்று தந்தைக்கே உத்தரவும் போட்டான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்க் கறை. திட்டமிட்டு ஏமாற்றப் பார்த்திருக்கிறான் என்று டார்வின் எழுதிவைத்தார்.

அந்தப் பையனாவது கறையைச் சுருட்டி மறைத்தான். உங்கள் மகன் சாட்சியத்தை முகத்தில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறான். தன் முகம் உங்களுக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டுப் பூனையை மட்டும் கவனமாக ஏற்பாடு செய்திருக்கிறான். 'பொய்யன்' என்று பட்டம் கட்டாமல், "பூனை சிந்தியதை நாம் ரெண்டு பேரும் துடைப்போம், வா" என்று ஒரு துணியைக் கையில் கொடுங்கள். டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றுங்கள், நாற்காலியை அங்கிருந்து தள்ளி வையுங்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பூனையைப் பற்றிப் பேசும் நாளில் மறுபடியும் எழுதுங்கள்.