ஐந்தாம் நாள் ஆசீர்வாதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு, ஸ்தோத்திரம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு சிறிய சி.எஸ்.ஐ. சபையில் ஊழியம் செய்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் எங்களுக்குச் சுற்றுச்சூழல் ஞாயிறு. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பேச நினைத்தேன். வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி, "பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள் என்று சொன்னதே அந்த அதிகாரம்தானே? காடும் கடலும் கெட்டதற்கு அதுதானே காரணம்?" என்று கேட்டுவிட்டார். சபைப் பெரியவர் ஒருவரோ, "எரிந்து அழியப் போகிற உலகத்துக்கு எதற்கு ஒரு ஞாயிறு?" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன பேச? ஆராதனை முடிந்ததும் மரக்கன்று கொடுக்கலாமா?

ஒரு சபை ஊழியர்

அன்புள்ள தம்பி,

அந்த வாலிபரின் கேள்விக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1967-இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். மற்றதெல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்று மேற்கத்தியக் கிறிஸ்தவம் கற்பித்தது, இயற்கையைச் சூறையாடும் துணிச்சல் அங்கிருந்துதான் வந்தது என்றார். அவரைக் காட்டிச் சபையைத் திட்டுகிற பலருக்கு அவரே சபைக்காரர் என்பது தெரியாது. சூழலியலாளர்களுக்குப் பாதுகாவலராக, இயற்கையை நேசித்த துறவியான அசிசி பிரான்சிஸை வைக்கலாம் என்று கட்டுரையை முடித்தார். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தும்விட்டார். ஆகவே பிரசங்க பீடத்தில் நின்று வைட்டுக்கு மறுப்புச் சொல்ல வேண்டாம். நாம் பிரசங்கித்துவந்த விதத்தைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த வாலிபர் சொன்ன 28-ஆம் வசனத்துக்கு முன்னால் 22-ஆம் வசனம் ஒன்று உண்டு. கல்யாண ஆராதனையில் மணமக்களைப் பார்த்து நாம் சொல்லும் 'பலுகிப் பெருகி' என்ற ஆசீர்வாதம் முதலில் கொடுக்கப்பட்டது மீனுக்கு. படைப்பின் ஐந்தாம் நாள், மனுஷன் இன்னும் படைக்கப்படவே இல்லை. "சமுத்திர ஜலத்தை நிரப்புங்கள்" என்று மீன்களிடம்தான் கடவுள் பேசுகிறார். யாருக்காக நிரப்ப வேண்டும் என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை.

இதைச் சொல்ல உங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. உங்கள் ஞாயிறு மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். அரசு ஆணைதான், சந்தேகமில்லை. ஆனால் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் 22-ஆம் வசனத்தை விளக்க அதைவிட என்ன வேண்டும்? இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையில் குஞ்சும் குருமானும் சேர்த்து அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஒரு ஆசீர்வாதத்தின் குறுக்கே போய் நிற்பதும்கூட என்று நீங்கள் சொன்னால் புதிதாகக் கேட்பார்கள். படகு முதலாளி யாராவது சபையில் இருந்தால் முகம் கோணும். பரவாயில்லை.

அப்புறம் ஆறாம் நாள். அதுகூட மனுஷனுக்கென்று தனி நாள் இல்லை, ஆடுமாடும் ஊரும் பிராணிகளும் அதே நாளில்தான் வருகின்றன. "ஆண்டுகொள்ளுங்கள்" என்றதற்கு அடுத்த வசனத்திலேயே சாப்பாட்டுப் பட்டியல் வருகிறது. மனுஷனுக்கு விதைதரும் பூண்டும் கனியும், மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பசுமையான பூண்டு. கறி சாப்பிட அனுமதி நோவா பேழையைவிட்டு இறங்கிய பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில்தான். (அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, ஆட்டுக்கறி சமைக்கும் சபையில் இதை அழுத்திச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.) ஒரு கோழியைக்கூட அடிக்க அனுமதியில்லாத ராஜாவுக்குத்தான் அந்த ஆளுகை கொடுக்கப்பட்டது. வாலிபரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், மீதியை அவரே யோசிப்பார்.

பெரியவர் மனதில் இருப்பது, பூமி எரிந்து அழிந்துபோகும் என்கிற 2 பேதுரு 3:10. அடுத்த வசனத்தையும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்: இதெல்லாம் அழிந்துபோகிறதாயிருக்க நீங்கள் எப்படி நடக்க வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. பிறகு வெளிப்படுத்தின விசேஷம் 11:18. "பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கிறதற்கும்" காலம் வந்தது என்கிறது. கடைசி நாளைப் பற்றிப் பேச விரும்புகிறவருக்குக் கடைசிப் புத்தகத்திலிருந்தே பதில்.

உதாரணம் வேண்டுமானால் எத்தியோப்பியாவைச் சொல்லுங்கள். அங்கே வடக்கு மலைப்பகுதியில் பழைய காடு பெரும்பாலும் வயலாகவும் மேய்ச்சலாகவும் போய்விட்டது. மிஞ்சியது ஆர்த்தடாக்ஸ் கோயில்களைச் சுற்றியுள்ள தோப்புகள். அந்த நாட்டுக் காட்டியல் அறிஞர் அலெமாயேஹு வாசியும் அமெரிக்கரான மெக் லோமனும் குருமாரோடு உட்கார்ந்து பேசினார்கள். வயலில் கிடந்த கல்லைப் பொறுக்கி ஊர் மக்களே சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். மாடு உள்ளே போகாததால் தரையில் கன்றுகள் தலைதூக்கின. கோயிலைச் சுற்றியிருக்கும் உயிர்களும் கோயிலைச் சேர்ந்தவை என்ற பழைய நம்பிக்கை அங்கே அறுந்துபோகவில்லை.

உங்கள் சபைக்கும் நிலம் இருக்கும். அதில் நிற்கும் பனையை யார் விலை பேசுகிறார்கள், அசனத்துக்கு வாழை இலையா, 2019-லிருந்தே தடையில் இருக்கும் பிளாஸ்டிக் பூச்சுத் தட்டா என்று கமிட்டியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பீடம் ஏறுங்கள். பேச்சில் தைரியம் வரும்.

மரக்கன்று ஜூனில் வேண்டாம். உங்கள் பக்கம் அப்போது காற்றும் வெயிலும்தான், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பாதி கருகிவிடும். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் கொடுங்கள்.